மண்ணும் தூசியுமான ஏசி மெக்கானிக்

வேலைக்கு விண்ணப்பிக்கிறவன் தன் படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுவான். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு அதன் தலையில் இன்னொரு தாளை வைக்க வேண்டும். அதற்கு முகப்புக் கடிதம் என்று பெயர். முன்பெல்லாம் கீழே இருந்த தாளை வாசித்தார்கள். இப்போது மேலே இருப்பதை வாசித்துவிட்டு, கீழே இருப்பதை வாசிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள். இன்னும் சில வருஷங்களில் இதற்கும் மேலே ஒரு தாள் வந்துவிடும், அதற்கும் பாடத்திட்டம் தயார் என்று டாக்டர் எபிசன் பல மேடைகளில் அறிவித்திருக்கிறார்.

டாக்டர் எபிசன், தென்முனை முகப்புக் கடிதக் கல்விக் கழகத்தின் இயக்குநர். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழே பலாப்பழ மொத்தக்கடையும் நடுவில் மூலவியாதி வைத்தியசாலையும் உள்ள கட்டடத்தின் உச்சி மாடியில் கழகம் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஏறி வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். அதையும் கழகம் வீணாக்கவில்லை. 'விடாமுயற்சி: செயல்முறைப் பயிற்சி' என்று பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

இந்தப் படிகளில்தான் நெய்யூர் ஜேசுதாஸ் ஒருநாள் காலையில் ஏறினார்.

ஜேசுதாஸுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருஷமாகக் குவைத்தில் ஏசி மெக்கானிக். லீவில் வந்திருந்தார். தன் சொந்த வீட்டில் எந்த சுவிட்சுக்கு எது எரியும் என்று அவருக்குத் தெரியாது. ஹால் ஃபேனைப் போடப் போய் மோட்டாரைப் போடுவார். மேலே டாங்க் நிரம்பி முற்றத்தில் மழை பெய்யும். "யாருட்டீ அது?" என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவி பெமிலா சத்தம் போடுவாள். "யாருமில்லம்மா, அப்பாதான்" என்பாள் பத்தாம் வகுப்பு படிக்கிற மகள் அஞ்சு.

அந்த 'யாருமில்ல' ஜேசுதாஸுக்கு எங்கேயோ போய்த் தைத்தது. குழித்துறைக்குப் பக்கத்தில் சாறிபாத் ஆஸ்பத்திரி புதிய ஆபரேஷன் தியேட்டர் கட்டியிருந்தது. ஏசி பிளான்ட் பார்க்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். அது கிடைத்துவிட்டால் குவைத்துக்கு ஒரு கும்பிடு. கிடைக்காவிட்டால் மாதக் கடைசிக்குள் அங்கே திரும்பிப் போயாக வேண்டும், இல்லையென்றால் அங்கே தங்குவதற்கான அனுமதியான இக்காமாவும் போய்விடும். விளம்பரத்தின் அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: முகப்புக் கடிதம் இல்லாத விண்ணப்பங்கள் பார்க்கப்பட மாட்டா.

கழகத்தின் அலுவலக மேலாளர் யேசுரத்தினம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "சேருகதுக்கு முகப்புக் கடிதம் கொண்டு வந்தீரா?" என்று கேட்டார்.

"அது எழுதத் தெரியாமத்தானே ஓய் சேர வந்திருக்கேன்."

"தெரியாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? எழுதிக் காட்டினாத்தானே தெரியும். நீரு எந்த வேலைக்குப் போகணுமோ அவியளுக்கு எழுதுக மாதிரி ஒண்ணு எழுதும்."

ஜேசுதாஸ் யோசித்துப் பார்த்தார். அதில் எங்கேயோ ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. எங்கே என்று தெரியவில்லை.

"ஒரு காரியம் கேட்டுக்கிடும்," என்று யேசுரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப நல்லா எழுதிராதேயும். தெரிஞ்ச ஆளுக்கு எதுக்கு கிளாஸுன்னு தள்ளிருவாவ. ரொம்ப மோசமாவும் எழுதிராதேயும். இவருக்கு எந்தக் கிளாஸும் பலிக்காதுன்னு அப்பவும் தள்ளிருவாவ. நடுவுல எழுதும்."

"நடுன்னா எங்க?"

"அது கிளாஸுல சொல்லித் தருவாவ."

நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து ஜேசுதாஸ் தாளை மடியில் வைத்துக்கொண்டார். தன்னைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் அவர் பேசியது வாழ்க்கையில் ஒரே இடத்தில்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் தனக்குச் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்லியிருக்கிறார். சாட்சிக்கு ஒரு முறை உண்டு. யாரும் சொல்லித் தருவதில்லை, யாரும் தவறுவதுமில்லை. நல்லது நடந்திருந்தால் அவர் செய்தது, கெட்டது நடந்திருந்தால் நாம் செய்தது. 'வீடு கட்டினேன்' என்று ஒருவன் வாய் தவறிச் சொன்னால், பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி இருமுவாள். 'வீடு கட்டக் கர்த்தர் கிருபை செய்தார்' என்று உடனே திருத்திக்கொள்ள வேண்டும். கொத்தனாருக்குக்கூட அதில் பங்கு கிடையாது.

ஆகவே ஜேசுதாஸ் இப்படி எழுதினார்:

'மண்ணும் தூசியுமான அடியேன் எழுதிக்கொள்வது. ஒன்றுக்கும் உதவாத என்னையும் ஒரு பொருட்டாக எண்ணி, கர்த்தர் இருபது வருஷம் குவைத்தில் ஏசி பார்க்க வைத்தார். கொதிக்கிற மொட்டை மாடியில் ஏறிக் கம்ப்ரஸர் மாற்றின போதெல்லாம் மாற்றினவர் அவரே. ஸ்பேனர் மாத்திரம் என் கையில் இருந்தது. ஒரு தடவை கேஸ் லைன் வெடித்தது. அது என் கவனக்குறைவு. என் பலத்தால் ஆனது ஒன்றுமில்லை. இந்த வேலை கிடைத்தாலும் ஸ்தோத்திரம், கிடைக்காவிட்டாலும் ஸ்தோத்திரம்.'

அதை வாசித்த இயக்குநர் எபிசன் அவரை உள்ளே கூப்பிட்டார். எபிசன் கோட்டும் டையும் போட்டிருந்தார். வடசேரியின் உச்சி வெயிலில் கோட்டு போடுகிறவர் அவர் ஒருவர்தான். அந்த விஷயத்தில் அவருக்குப் போட்டியே இல்லை.

"மிஸ்டர் ஜேசுதாஸ், இதை வாசிச்சா ஆஸ்பத்திரிக்காரங்க யாரை வேலைக்கு எடுக்கணும்னு நினைப்பாங்க?"

"தெரியல சார்."

"கர்த்தரை. கம்ப்ரஸர் மாத்தினது அவரு. வெடிச்சது மட்டும்தான் நீங்க."

"உள்ளதச் சொன்னேன் சார்."

"உள்ளதைச் சொல்லவா இத்தனை பேர் மாடி ஏறி வர்றாங்க?" எபிசன் எழுந்து ஜன்னல் பக்கம் போய், கீழே பலாப்பழம் இறக்குகிறவர்களைப் பார்த்தபடி பேசினார். முதுகைக் காட்டிப் பேசுவது அவருக்குப் பிடிக்கும். "தன்னம்பிக்கை வேணும், மிஸ்டர் ஜேசுதாஸ். என்னையே எடுத்துக்கோங்க. இந்தக் கழகத்தை ஆரம்பிச்சது என் மாமனார். இயக்குநர் தேவைன்னு விளம்பரம் குடுத்தார். வீட்டுக்குள்ளதான் குடுத்தார். நான் ஒருத்தன்தான் விண்ணப்பிச்சேன். கடும் போட்டி. அதிலயும் ஜெயிச்சேன்."

"முகப்புக் கடிதம் குடுத்தீங்களா சார்?"

"கல்யாணப் பத்திரிகை குடுத்தேன்," என்றார் எபிசன், திரும்பாமலே.

ஜேசுதாஸ் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவருடைய கடிதத்துக்கு லாமினேஷன் போட்டு, நடையில் உள்ள அறிவிப்புப் பலகையில் மாட்டினார்கள். மேலே சிவப்பு எழுத்தில் 'எப்படி எழுதக் கூடாது' என்று தலைப்பு. வருகிறவர்கள் எல்லாம் நின்று வாசித்துச் சிரித்தார்கள். சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். முதலில் எடுத்தவன் ஷாஜன். மார்த்தாண்டம் பக்கத்துப் பையன், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். வகுப்பில் ஜேசுதாஸுக்குப் பக்கத்து இடம் அவனுக்கு. சுவரோரமாக இருந்ததால் சாய்ந்து தூங்க வசதி.

"அண்ணா, உங்க எழுத்து நல்ல எழுத்தாக்கும். என் எழுத்தைப் பார்த்தா எங்கம்மையே அழுவா," என்றான்.

முதல் வாரம் முழுக்க, கடிதத்தை யாருக்கு எழுதுகிறோம் என்பது பாடம். பெயர் தெரிந்தவருக்கு எப்படி, தெரியாதவருக்கு எப்படி, தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பவருக்கு எப்படி. சனிக்கிழமை சாயங்காலம் 'மதிப்பிற்குரிய' வரைக்கும் வந்திருந்தார்கள்.

இரண்டாம் வாரம் வினைச்சொல். அதற்குத் துறைத்தலைவர் ஜிஷா மேடம். எப்போதும் கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருக்கிற முகம். "நான் சென்னைக்கு, பெங்களூருக்கு, சிங்கப்பூருக்கு எல்லாம் முகப்புக் கடிதம் எழுதியிருக்கேன். ஒரு இடத்திலயும் கூப்பிடல. அதனாலதான் இந்தப் பாடம் எனக்கு இவ்வளவு ஆழமாத் தெரியும்," என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அதை எழுதிக்கொண்டார்கள்.

"தமிழ்லயே எழுதலாம். ஆனா வாசிக்கிறவங்களுக்கு அது தமிழ்னு தெரியக்கூடாது. ஜேசுதாஸ், குவைத்துல என்ன செஞ்சீங்க?"

"ஃபில்டர் கழுவினேன் மேடம்."

"காற்றின் தூய்மை குறித்த தொலைநோக்கை முன்னெடுத்தேன். அப்புறம்?"

"கேஸ் நிறைச்சேன்."

"அமைப்பின் உள்ளாற்றலை வலுப்படுத்தினேன். அப்புறம்?"

ஜேசுதாஸுக்குக் களைப்பாக இருந்தது. இரண்டு நாள் கழித்தாலும் மேடம் விடமாட்டார் போலிருந்தது. "சில நாள் சும்மா ஏணி பிடிச்சேன் மேடம்."

"சக பணியாளர்களின் உயர்வுக்கு உறுதுணையாக நின்றேன்." ஜிஷா மேடம் ஷாஜனைத் தட்டி எழுப்பினார். "நீ என்ன செஞ்சே இத்தனை நாளும்?"

"ஒண்ணும் செய்யல மேடம்."

"தக்க தருணத்துக்கான தயார்நிலையில் தொடர்ந்து நீடித்தேன். எழுது."

ஷாஜன் எழுதவில்லை. தயார்நிலைக்குத் திரும்பினான்.

அதற்கடுத்தது 'தீராத வேட்கை'. இந்த வேலைக்காகவே நான் பிறந்தேன் என்பதற்குச் சின்ன வயதிலிருந்து ஒரு சம்பவத்தைக் காட்ட வேண்டும். ஜேசுதாஸ் எவ்வளவோ யோசித்தும், சிறுவயதில் அவருக்கும் ஏசிக்கும் எந்தத் தொடர்பும் ஏற்படவில்லை.

"எங்க வீட்டுல ஃபேனே கிடையாது மேடம்."

ஜிஷா மேடத்தின் முகத்தில் முதல்தடவையாக வெளிச்சம் வந்தது. "அதுதான் வேணும்! வெக்கையில் தவித்த ஒரு பிஞ்சுக் குழந்தை..."

"தவிக்கல மேடம். தெக்க ஜன்னலைத் திறந்தா காத்து நல்லா வரும்."

"வரல."

"வரும் மேடம். போர்வை போத்திக்கிட்டுத்தான்..."

"காத்து வரல, ஜேசுதாஸ். எழுதுங்க."

காற்று வரவில்லை என்று ஜேசுதாஸ் எழுதினார். தெற்கு ஜன்னலுக்கு மனதில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் வகுப்பு ஏசி ஒழுக ஆரம்பித்தது. நேராக ஷாஜன் தலையில் சொட்டியது. அவன் எழுந்திருக்காததால் முதல்நாள் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் ஜேசுதாஸ் எழுந்து, "சார், டிரெயின் பைப் அடைச்சிருக்கு. ஒரு ஸ்டூல் தந்தா போதும், ஊதி விட்டிருவேன்," என்றார்.

எபிசன் புன்னகைத்தார். வகுப்பைப் பார்த்து, "ஒருவர் ஒரு வேலையைச் செய்ய விரும்பினால் முதலில் என்ன கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"முகப்புக் கடிதம்!" என்று வகுப்பு ஒரே குரலில் முழங்கியது.

ஜேசுதாஸ் எழுதிக் கொடுத்தார். 'வேட்கை போதாது' என்று திரும்பி வந்தது. இன்னொன்று எழுதினார். 'வேட்கை மிகுதி, உள்நோக்கம் இருக்குமோ என்ற ஐயம் எழுகிறது' என்று அதுவும் வந்தது. மூன்றாவதைப் பரிசீலிக்கக் குழு அமைத்தார்கள். குழு கூடிய அன்று ஏசி நின்றுபோனது. ஆகவே, பழுது நீங்கிவிட்டதாகவும் இனி ஒழுகாது என்றும் குழு அறிக்கை கொடுத்தது. எல்லோரும் வியர்வையில் நனைந்தார்கள். எபிசன் மட்டும் கோட்டைக் கழற்றவில்லை. கழற்றிவிட்டால் வேலை தேடுகிறவர்களிலிருந்து தன்னை எப்படிப் பிரித்தறிவார்கள் என்ற கவலை அவருக்கு இருந்திருக்கலாம்.

வீட்டில் பெமிலா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஒரு கடுதாசி எழுத இத்தனை நாளா? நான் உங்களுக்குக் குவைத்துக்கு எழுதினதெல்லாம் எந்தக் காலேஜ்ல படிச்சிட்டு எழுதினேன்?"

"நீ என்ன வேலை கேட்டா எழுதின? பைசா கேட்டுல்லா எழுதின."

"அதுக்குத்தான் நல்லா எழுதணும்," என்றாள் பெமிலா. "எப்பமாவது அனுப்பாம இருந்தீங்களா?"

ஜேசுதாஸ் குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டார். இப்படித் தவறாமல் பலிக்கிற கடிதம் கழகத்தில்கூடக் கிடையாது.

அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில்தான் அது வெளிப்பட்டது. அஞ்சு பாட்டுப் பாடி முடித்தாள். ஜேசுதாஸ் முழங்காலிட்டுக் கண்ணை மூடினார். வழக்கமாக 'ஸ்தோத்திரம் ஆண்டவரே' என்று தொடங்குகிற வாய், வேறு எங்கேயோ போய்த் தொடங்கியது.

"வானத்தையும் பூமியையும் திறம்பட நிர்வகித்துவரும் மதிப்பிற்குரிய ஆண்டவருக்கு... தங்கள் ராஜ்யத்தின் தொலைநோக்கு என்னைப் பெரிதும் ஈர்த்துள்ளது. கடும் வெப்பச் சூழலில் இருபது ஆண்டுகள் முன்னின்று செயலாற்றிய அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே தங்கள் பரலோகத்துக்கு நான் பெரும் சொத்தாக விளங்குவேன் என்று உறுதியாக நம்புகிறேன். தங்களை நேரில் சந்தித்து உரையாட ஆவலாக உள்ளேன்..."

"ஏட்டி அஞ்சு, ஆமென் சொல்லிராத," என்றாள் பெமிலா. கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தாள். "நேர்ல பாக்கணும்னு சொல்லுதீங்களே, செரி, நாளைக்கே வான்னு சொல்லிட்டாருன்னா என்ன செய்வீங்க?"

ஜேசுதாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாக்கு அதுவாப் போகுதுட்டீ," என்றார். "நான் ஒண்ணும் செய்யல."

மூன்றாம் வாரக் கடைசியில் பட்டமளிப்பு. கறுப்பு அங்கியும் குஞ்சம் தொங்குகிற தொப்பியும் வாடகைக்கு வந்திருந்தன. தொப்பிகள் போதாததால் பாதிப்பேர் ஒரு பக்கமாக நின்று வாங்கிப் போட்டுக் கழற்றிக் கொடுத்தார்கள். ஜேசுதாஸுக்குத் 'தன்னம்பிக்கைச் செம்மல்' என்று பட்டம். கழகத்தின் வரலாற்றிலேயே இப்படியொரு மாற்றத்தைக் கண்டதில்லை என்று எபிசன் மேடையில் சொன்னார். "மண்ணாகவும் தூசியாகவும் வந்தவர், இன்று மலையாகத் திரும்பிப் போகிறார்!" மலை படியில் இறங்கும்போது அங்கி தட்டித் தடுமாறியது.

ஷாஜன் தோற்றுவிட்டான். 'இந்த வேலையை ஏன் விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு 'வேறு இல்லை' என்று எழுதியிருந்தான். டீக்கடையில் ஜேசுதாஸ் அவனுக்கு ஆறுதலாக ஒரு பழபஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

"மக்கா, இனி என்ன செய்யப் போற?"

"நானும் அந்த சாறிபாத்துக்குத்தான் அண்ணா போடலாம்னு இருக்கேன். எதையாவது எழுதி வைப்பேன்."

"போடு மக்கா, போடு. யாருக்குக் குடுத்து வச்சிருக்கோ," என்றார் ஜேசுதாஸ். மனதுக்குள், பாவம் பையன் என்று நினைத்துக்கொண்டார்.

நேர்முகத் தேர்வுக்கு ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பழைய ஆஸ்பத்திரி. சுவர் நிறைய வசனம். ஒவ்வொரு ஃபேனிலும் ஒவ்வொரு கட்டிலிலும் கொடுத்தவர் பெயர். ஷாஜனும் வந்திருந்தான். ஜேசுதாஸைக் கண்டதும் கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தான்.

முதலில் ஜேசுதாஸைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் நாலைந்து பேர். நடுவில் ஆஸ்பத்திரி டிரஸ்டின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஜெபகனி டீச்சர். வெள்ளைச் சேலை, வெள்ளைத் தலை, கையில் சிவப்புப் பேனா. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேனா ஓய்வு பெறவில்லை.

"இத யாரு எழுதினது?"

"நான்தான் டீச்சர்."

"அது தெரியுது. எல்லா வரியிலயும் நீருதான் இருக்கீரு." டீச்சர் தாளைத் தூக்கிப் பிடித்தார். முழுக்கச் சிவப்பாக இருந்தது. "நான் முன்னெடுத்தேன், நான் வலுப்படுத்தினேன், நான் வழிநடத்தினேன். எகிப்து ராஜா பார்வோன்கூட இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டான். இதுல கர்த்தர் எங்க?"

"முதல்ல இருந்தாரு டீச்சர். பிறவு எடுத்துட்டாவ."

"கர்த்தரை எடுத்துட்டாவளா?"

"இடம் போதாதுன்னு."

மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் 'ஐயோ' என்றார். ஓரத்தில் இருந்த டாக்டர் மட்டும் மெதுவாக, "ஏசி பிளான்ட் பார்த்த பழக்கம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கினார்.

"அது பிறகு டாக்டர்," என்று டீச்சர் கையமர்த்தினார். "இந்த ஆஸ்பத்திரி தாழ்மையில கட்டின ஆஸ்பத்திரி. இங்க பெருமைக்கு இடமில்ல. இந்த ஜில்லாவுல என்னைவிடத் தாழ்மையான ஆள் கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். வாசல்ல கல்வெட்டு பார்த்திருப்பீரு."

"பார்த்தேன் டீச்சர். படமும் பார்த்தேன்."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கொஞ்சம் பெருசா வச்சிட்டாவ."

ஜேசுதாஸ் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். குவைத்து மொட்டை மாடிகளில்கூட இப்படி அவருக்கு வியர்த்ததில்லை. "டீச்சர், நான் முதல்ல எழுதினது வேற. அதுல முழுக்க அவருதான் இருந்தாரு. என்னை மண்ணுன்னுதான் எழுதியிருந்தேன்."

"அப்போ அதக் கொண்டு வரதுக்கென்ன? எங்க அது?"

"வடசேரியில, போர்டுல மாட்டியிருக்கு டீச்சர். லாமினேஷன் போட்டு."

ஜெபகனி டீச்சர் பேனாவை மூடினார். "போர்டுல மாட்டி வச்சிருக்கீரு," என்றார் மெதுவாக. "தாழ்மையையும் லாமினேஷன் போட்டு ஊருக்குக் காட்டணும், என்ன? போயிட்டு வாரும்."

வெளியே வந்தபோது ஷாஜன் எழுந்து நின்றான். ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டு நாளில் போனில் செய்தி வந்தது: தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வருந்துகிறோம், தங்களுக்காக ஜெபிக்கிறோம். அதே சாயங்காலம் குவைத்திலிருந்து பழைய ஃபோர்மேன் குரல் செய்தி அனுப்பினான். அவன் முகப்புக் கடிதம் கேட்கவில்லை. "தாஸ், எப்ப வார? இங்க சூடு தொடங்கியாச்சு," என்று மட்டும் கேட்டான்.

பெமிலா முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் டப்பாவில் அடைத்தாள். எடை கூடிவிட்டது என்று ஜேசுதாஸ் ஒன்றை வெளியே எடுத்தார். அவர் பார்க்காத நேரத்தில் அவள் மறுபடி உள்ளே வைத்தாள். காரில் ஏறுவதற்கு முன் ஜேசுதாஸ் ஹாலுக்குப் போய் ஃபேனை நிறுத்தினார். முதல் சுவிட்சிலேயே ஃபேன் நின்றது. மோட்டார் ஓடவில்லை, முற்றத்தில் தண்ணீர் விழவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டு நிற்கும்போது அஞ்சு ஒரு படம் அனுப்பினாள். டியூஷனுக்குப் போகிற வழியில் வடசேரியில் எடுத்தது. பெரிய ஃபிளெக்ஸ். பட்டமளிப்புத் தொப்பியோடு ஜேசுதாஸ். உடம்புக்கு எபிசனின் கோட்டை ஒட்டியிருந்தார்கள். 'எங்கள் மாணவருக்குக் குவைத்தில் வேலை! அடுத்தது நீங்களா?'

'கோட்டு நல்லா இருக்குப்பா' என்று கீழே எழுதியிருந்தாள்.

பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது போன் அடித்தது. ஷாஜன்.

"அண்ணா, எங்க இருக்கீங்க? ஒரு அவசரம். பிளான்ட் ரூம்ல தண்ணி ஒழுகுது. எந்த வால்வை அடைக்கணும்?"

"எந்த பிளான்ட் ரூமுடே?"

போனில் தண்ணீர் ஒழுகுகிற சத்தம் கேட்டது.

"சாறிபாத்துலதான் அண்ணா. இன்னைக்குத்தான் சேர்ந்தேன்."

முன்னால் நின்றவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கோவப்படாதீங்கண்ணா. போர்டுல இருந்த உங்க கடுதாசியப் போன்ல எடுத்து வச்சிருந்தேம்லா, அத அப்படியே பார்த்து எழுதிக் குடுத்தேன். எனக்கு வேற எழுதத் தெரியாது."

"எலேய், இருபது வருஷம் குவைத்துலன்னு அதுல எழுதியிருக்கேனே? உனக்கு வயசே இருபத்தி நாலு. நாலு வயசுலயா ஸ்பேனர் பிடிச்ச?"

"அதுவரைக்கும் யாரும் வாசிக்கல அண்ணா. 'மண்ணும் தூசியுமான அடியேன்'ங்கிற இடத்துலயே டீச்சர் கண்ணாடியக் கழத்தித் தொடச்சிட்டாவ. ஜெபம் பண்ணுவோம்னு எல்லாரும் எழுந்திட்டாவ. முடிச்சதும் எப்ப சேருகன்னு கேட்டாவ." தண்ணீர்ச் சத்தம் கூடியது. "அண்ணா, வால்வு..."

ஜேசுதாஸ் ஒரு பெருமூச்சு விட்டார். கோபத்தைத் தேடிப் பார்த்தார். களைப்புதான் கையில் கிடைத்தது.

"பம்புக்கு எடதுபக்கம் நீலக் கைப்பிடி ஒண்ணு இருக்கும். பைய வலதுபக்கமாத் திருப்பு. முரட்டுத்தனமாத் திருப்பிராத, ஒடிஞ்சிரும்."

உலோகம் கிரீச்சிட்டது. சத்தம் குறைந்து, சொட்டு விழுந்து, நின்றது.

"நின்னுட்டு அண்ணா!" என்றான் ஷாஜன். பிறகு, "என் மேல வருத்தம் உண்டா?" என்று கேட்டான்.

"அந்தக் கடுதாசியில கடைசி வரி என்ன போட்டிருந்தேன், வாசி."

சட்டைக்குள் வைத்திருந்த நகலை எடுத்துப் பிரிக்கிற சத்தம் கேட்டது. "'இந்த வேலை கிடைத்தாலும் ஸ்தோத்திரம், கிடைக்காவிட்டாலும் ஸ்தோத்திரம்.'"

"ம். முதல் பாதிய நீ சொல்லு," என்றார் ஜேசுதாஸ். "மத்தத நான் சொல்லிக்கிடுதேன்."

வரிசை நகர்ந்தது. அவர் போனைத் தட்டில் வைத்துவிட்டுப் பெல்ட்டைக் கழற்றினார்.